கனடா ஏரி மீன்... சாப்பிடலாமா, டாக்டர்?

“என் மகன் டொரன்டோவில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறு வந்தால் போதும், சிநேகிதர்களோடு சின்னப் படகில் ஏரிக்குக் கிளம்பிவிடுகிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறான், அவ்வளவு பெரிய மீன்! ‘லேக் ட்ரவுட்’ என்று பெயராம். மருமகளுக்கு இது ஐந்தாவது மாதம். அவள் சாப்பிடலாமா? அடுத்த மே மாதம் நாங்களும் அங்கே போகிறோம். ‘அப்பா, உங்களையும் படகில் கூட்டிக்கொண்டு போகிறேன்’ என்கிறான். போகலாமா?”

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கேட்டிருக்கிறார். இதே மாதிரிக் கேள்விகள் இப்போது அடிக்கடி வருகின்றன. வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற காலம். அங்கே அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கவலை இங்கே நமக்கு. நியாயம்தான்.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் சாப்பிடலாம், அளவோடு. மருமகள் அந்தப் பெரிய மீனைத் தொட வேண்டாம். நீங்கள் படகில் போகலாம், உயிர்காக்கும் அங்கியைப் போட்டுக்கொண்டு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மீனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சுவாரஸ்யமான விஷயம்தான், கேளுங்கள்.

கடல் மாதிரி ஏரி!

ஏரி என்றதும் நம் கண்ணுக்குச் செம்பரம்பாக்கமோ வீராணமோதான் வரும். டொரன்டோ நகரம் உட்கார்ந்திருக்கும் ஒன்டாரியோ ஏரி அந்தக் கணக்கே இல்லை. பரப்பு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். கரையில் நின்றால் எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். மிக ஆழமான இடம் 244 மீட்டர். நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது! அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே இப்படி ஐந்து பேரேரிகள். பூமியின் மேற்பரப்பில் இருக்கிற நல்ல தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்துக்குள்தான். டொரன்டோவில் நம் தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஸ்கார்பரோ பகுதி இந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறது. அங்கே பிளஃபர்ஸ் பார்க் என்ற இடத்தில் படகை இறக்கிச் சால்மன் தேடிப் போவது ஒரு பெரிய பொழுதுபோக்கு.

ஒரு விளக்கம். இந்தச் சால்மன் வேறு, நம் மீன் கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று சொல்லிக் கொடுக்கிற காலா மீன் வேறு. ட்ரவுட்டும் அப்படித்தான். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனை ஊட்டிக்குப் போனவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வானவில் ட்ரவுட். லேக் ட்ரவுட் அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆழத்தில் வாழ்வது, மெதுவாக வளர்வது, முப்பது, நாற்பது வருஷம்கூட உயிரோடு இருப்பது. இந்த வயசு விஷயத்தை மனசில் வச்சுக்குங்க. பிறகு தேவைப்படும்.

ஓடுகிற படகு, தொங்குகிற குண்டு

‘ட்ரோலிங்’ என்பது பிடிக்கிற முறையின் பெயர். நம் கடற்கரைகளில் விசைப்படகுக்காரர்கள் பெரிய வலையைக் கடலடியில் இழுக்கிறார்களே, அது ‘ட்ராலிங்’. இது அது இல்லை. இங்கே வலையே கிடையாது. ஓடுகிற படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பதினாறு, பதினெட்டு அடி நீள அலுமினியப் படகு. மோட்டாரை மிக மெதுவாக ஓட விடுவார்கள். சால்மனுக்கு மணிக்கு நாலு கிலோமீட்டர் மாதிரி, லேக் ட்ரவுட்டுக்கு அதைவிடவும் குறைவு. நாம் காலையில் வாக்கிங் போகிற வேகத்தைவிடக் கம்மி!

தூண்டில் முனையில் புழு கிடையாது. கைப்பிடி ஒடிந்த கரண்டி மாதிரி ஒரு பளபளப்பான தகடு. பெயரே ‘ஸ்பூன்’தான். படகு ஓட ஓட அது தண்ணீருக்குள் ஆடி ஆடி, அடிபட்ட சின்ன மீன் தடுமாறுகிற மாதிரி மின்னும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும்.

ஆனால், மீன் இருக்கிற ஆழத்துக்கு அந்த ஸ்பூன் போக வேண்டுமே? இங்கேதான் சூட்சுமம். தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. 4 டிகிரி செல்சியஸில்தான் அது மிக அதிக கனம். அதனால் கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடாகி மிதக்கும், அடித்தண்ணீர் 4 டிகிரிப் பக்கமே கிடக்கும். நடுவில் திடீரென்று குளிர் மாறுகிற ஒரு அடுக்கு. சால்மனுக்குப் பிடித்தது 12 டிகிரியை ஒட்டிய தண்ணீர். லேக் ட்ரவுட் அதையும்விடக் குளிர்ந்த, 10 டிகிரிப் பக்கத்துத் தண்ணீரைத் தேடும். ஆகவே வசந்த காலத்தில் ஏரி முழுக்க ஒரே குளிராக இருக்கும்போது மீன் கரையோரம், மேலாகவே கிடைக்கும். ஆடி, ஆவணியில் இருபது, முப்பது மீட்டர், சமயத்தில் அதற்கும் கீழே போய்விடும்.

அதற்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ‘டவுன்ரிகர்’ என்று பெயர். நம் கிணற்று ராட்டினத்தைப் படகு ஓரத்தில் பொருத்தினது போல இருக்கும். கம்பியின் நுனியில் நாலு, ஐந்து கிலோ கனத்தில் ஒரு இரும்போ ஈயமோ ஆன குண்டு. தூண்டில் நரம்பை அந்தக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிடுவார்கள். மேலே தூண்டில் கோல் வில்லாக வளைந்து நிற்கும். மீன் கவ்வியதும் கிளிப் விட்டுப்போகும், வளைந்த கோல் சட்டென்று நிமிரும். அவ்வளவுதான், படகில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

இந்த ‘எல்லாரும் எழுந்துவிடுவார்கள்’ என்கிற இடத்தில் எனக்கு ஒரு கவலை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சால்மன் மாட்டினால் நூறு மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும். லேக் ட்ரவுட் ஓடாது, பிடிவாதக்காரக் கிழவன் மாதிரி ஆழத்திலேயே தலையை ஆட்டி ஆட்டி நிற்கும். மேலே வர வர தண்ணீரில் குமிழ்கள் கிளம்பும். அதன் காற்றுப்பை உணவுக்குழலோடு சேர்ந்திருப்பதால், ஆழத்திலிருந்து ஏறும்போது நாம் ஏப்பம் விடுகிற மாதிரி காற்றை வெளியே விட்டுக்கொண்டே வருகிறது!

ஏரிக்குள் சால்மன் எப்படி வந்தது?

பசிபிக் கடலைச் சேர்ந்த சால்மன் ஏரிக்கு வந்ததே ஒரு கதை. கப்பல் போக்குவரத்துக்காகக் கால்வாய் வெட்டினார்கள். அதன் வழியாகக் கடலிலிருந்து ‘லாம்ப்ரே’ என்ற ரத்தம் உறிஞ்சும் பிராணி மேலேயுள்ள ஏரிகளுக்குள் பரவியது. பார்க்க விலாங்கு மாதிரி இருக்கும், வாய் முழுக்க வட்டமாகப் பல். 1936-ல் மிச்சிகன் ஏரியில் அதைப் பார்த்தார்கள். அதுவும், மனிதர்கள் அளவில்லாமல் பிடித்ததும் சேர்ந்து, 1950-களின் நடுவில் அந்த ஏரியில் லேக் ட்ரவுட்டே இல்லாமல் போனது. பெரிய மீன் போனதும், ‘ஏல்வைஃப்’ என்கிற சின்ன மீன் கணக்கில்லாமல் பெருகியது. 1967 கோடையில் அது கோடிக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கி, கடற்கரை முழுக்க நாற்றம்.

அந்தச் சின்ன மீனைத் தின்ன ஒரு பெரிய மீன் வேண்டும் என்றுதான் மிச்சிகன் மாநில மீன்வளத் துறையின் ஹோவர்ட் டானர், 1966-ல் கோஹோ சால்மன் குஞ்சுகளை ஆறுகளில் விட்டார். அடுத்த வருஷமே கொழுத்த மீன்களாகத் திரும்பி வந்தன. ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆயிற்று! குளத்தில் ஓட்டுகிற படகைக்கூடக் காரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1967 செப்டம்பர் 23, சனிக்கிழமை. புயல் எச்சரிக்கை இருந்தும் பிளாட் வளைகுடாவில் நூற்றுக்கணக்கான சின்னப் படகுகள் தண்ணீரில் நின்றன. காற்று அடித்தது. அலைகளுக்கு நடுவே கரையேற முயன்ற படகுகள் கவிழ்ந்தன. அன்றைக்கு ஏழு பேர் செத்தார்கள். மீன் அகப்படுகிற சமயத்தில் மேகத்தைப் பார்க்க மனுஷனுக்குத் தோன்றுவதில்லை.

கொழுப்பில் ஒளிந்திருக்கும் விஷம்

இப்போது மருமகள் விஷயத்துக்கு வருவோம்.

குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீனுக்குக் கொழுப்பு அதிகம். லேக் ட்ரவுட், சால்மன் இரண்டுமே கொழுப்பு மீன்கள். அந்தக் கொழுப்பில்தான் ஒமேகா-3 இருக்கிறது. இதயத்துக்கும் நல்லது, வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கும் நல்லது. அதில் சந்தேகமில்லை. அப்புறம் என்ன தகராறு?

பேரேரிகளைச் சுற்றி நூறு வருஷமாகத் தொழிற்சாலைகள். மின்சார டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயிலும் இன்னும் பல பொருள்களிலும் ‘பி.சி.பி.’ என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்கா 1979-ல் அதன் உற்பத்தியைத் தடை செய்தது. ஆனால் அது லேசில் சிதையாது. ஏரியடிச் சேற்றில் இருக்கிறது. தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். நுண்ணுயிரில் துளி, அதைத் தின்ற சின்ன மீனில் கொஞ்சம், அதை ஆயிரக்கணக்கில் தின்ற பெரிய மீனில் நிறைய. படிக்குப் படி செறிவு கூடிக்கொண்டே போகிறது. உச்சியில் இருப்பது யார்? லேக் ட்ரவுட். இருபது, முப்பது வருஷம் தின்று தின்று சேர்த்து வைத்த மீன் அது. கோஹோ சால்மனுக்கு ஆயுசு மூன்று வருஷம்தான். சேர்க்க நேரமில்லை. அதனால்தான் மகன் பெருமையோடு தூக்கிப் பிடித்திருக்கும் அந்தப் பெரிய, வயசான மீன்தான் சாப்பிடுவதற்கு மட்டமானது!

இதோடு பாதரசம். நிலக்கரிப் புகையிலிருந்தும் வேறு வழிகளிலும் தண்ணீருக்கு வரும் பாதரசத்தை, பாக்டீரியாக்கள் ‘மீத்தைல் மெர்குரி’யாக மாற்றுகின்றன. அது கொழுப்பில் தங்காமல் சதையிலேயே கலந்துவிடும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956-ல் வெளியே தெரிந்த கொடுமையை மூத்த வாசகர்கள் படித்திருப்பீர்கள். அது இந்த மீத்தைல் மெர்குரியால் வந்ததுதான். கனடா ஏரியில் அவ்வளவு அளவு கிடையாது, பயப்படாதீர்கள். ஆனால் கர்ப்பப்பையில் இருக்கும் குழந்தைக்குப் பெரியவர்களின் கணக்கு பொருந்தாது.

மிச்சிகன் ஏரி மீனை நிறையச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளை ஜேகப்சன் தம்பதி என்ற ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 212 குழந்தைகள், வயது 11. கருவில் இருக்கும்போது பி.சி.பி. அதிகம் சேர்ந்த குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக ஆறு புள்ளி குறைந்திருந்தது. அந்தத் தாய்மார்கள் மீன் சாப்பிட்ட காலத்தில் ஏரி இன்றைக்கு இருப்பதைவிட மோசம் என்பதையும் சொல்ல வேண்டும். 1970-களோடு ஒப்பிட்டால் பி.சி.பி. அளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை. நான்-ஸ்டிக் பாத்திரம், தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்பட்ட ‘பி.எஃப்.ஏ.எஸ்.’ என்ற இன்னொரு கூட்டமும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது.

அதனால் ஒன்டாரியோ அரசு ஒரு அட்டவணை வெளியிடுகிறது. எந்த ஏரி, எந்த இடம், எந்த மீன், எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று பார்த்தால், மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று போட்டிருக்கும். ஒரு வேளை என்பது 227 கிராம் மீன். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் தனி வரிசை. அதில் சில மீனுக்கு ‘0’ என்று இருக்கும். 0 என்றால் ஒரு துண்டுகூட வேண்டாம் என்று அர்த்தம். “இன்னிக்கு ஒரு நாள்தானே” என்கிற பேச்சே கிடையாது. அமெரிக்கப் பக்கத்தில் மிச்சிகன், நியூயார்க் மாநிலங்களின் சுகாதாரத் துறைகளும் இப்படி வெளியிடுகின்றன. மகனிடம் கேளுங்கள்: “தம்பி, மீனை அளந்தியா? அட்டவணையைப் பார்த்தியா?” படகில் ஆழம் காட்டுகிற கருவிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற பிள்ளைகள், காசில்லாமல் கிடைக்கிற இந்த அட்டவணையைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் மருமகளுக்கு மீனே கிடையாதா? தாராளமாகக் கொடுக்கலாம். அங்கே கடையில் டின்னில் வரும் பசிபிக் கடல் சால்மன், மத்தி, நெத்திலி எல்லாம் பாதரசம் குறைந்தவை. வாரத்துக்கு இரண்டு வேளை சாப்பிட்டால் ஒமேகா-3 தேவைக்குக் கிடைத்துவிடும். இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று நம் வீடுகளில் சுறாப்புட்டு செய்து தருகிறோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் விலக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலில் சுறாவும் உண்டு. பெரிய சுறா வேண்டவே வேண்டாம். பாட்டி சொன்னதும் சின்னப் பால் சுறாவைத்தான், அந்த ‘சின்ன’ என்கிற வார்த்தையை நாம் விட்டுவிட்டோம்.

குழம்பா, வறுவலா?

பி.சி.பி. கொழுப்பில் இருக்கிறது என்றேன் அல்லவா? அப்படியானால் கொழுப்பை எடுத்துவிட்டால்? பாதி வரைகூடக் குறைக்க முடியும். தோலை முழுக்க உரித்துவிட வேண்டும். வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பு, முதுகுமேல் இருக்கும் கொழுப்பு, இரண்டு பக்கமும் நடுவில் நீளமாக ஓடுகிற கருத்த சதை — மூன்றையும் வெட்டிப் போட்டுவிட வேண்டும். பிறகு கம்பி வலைமேல் வைத்துச் சுட்டால், மீதியிருக்கும் கொழுப்பு உருகிக் கீழே சொட்டிவிடும்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தோலோடு துண்டு போட்டு, தலையையும் சேர்த்து, புளி கரைத்துக் குழம்பு வைக்கிறார்கள். மேலே மிதக்கிற எண்ணெயைப் பார்த்து “என்ன ருசி!” என்று சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்கள். உருகின கொழுப்பு அத்தனையும் குழம்பில்தானே இருக்கிறது? பேரேரி மீனுக்குக் குழம்பு சரிப்படாது. கண்டிப்பாகக் குழம்புதான் வேண்டும் என்றால், கொழுப்பு நீக்கின சதையைத் தனியாகச் சுட்டுவிட்டு, கொதித்து இறக்கின குழம்பில் கடைசியாகப் போடுங்கள். எண்ணெயில் பொரித்தால் அந்த எண்ணெயை மறுபடி உபயோகிக்காதீர்கள். தலை, ஈரல், சினை மூன்றையும் இந்த மீனில் மட்டும் மறந்துவிடுங்கள். மீன் தலைப் பிரியர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

பாதரசம் மட்டும் எந்தச் சமையலுக்கும் போகாது. சுட்டாலும் பொரித்தாலும் அப்படியேதான் இருக்கும். இதற்கு ஒரே வழி, சின்ன மீனாகத் தேர்ந்தெடுப்பதுதான்.

“டாக்டர், நம்ம சித்த வைத்தியத்தில் பாதரசத்துக்கே சுத்தி முறை இருக்கே, நச்சு முறிக்கிற கஷாயம் ஏதாவது கொடுங்களேன்” என்று சிலர் கேட்கிறார்கள். நான் படித்த வைத்தியத்தின் மேல் எனக்கு மதிப்பு இருக்கிறபடியால்தான் இதைச் சொல்கிறேன்: மீன் வழியாக உடம்பில் சேர்ந்த மீத்தைல் மெர்குரியை வெளியே தள்ள ஒரு கஷாயமும் கிடையாது. சாப்பிடுவதை நிறுத்தினால் உடம்பே சுமார் 50 நாளில் அதைப் பாதியாகக் குறைக்கும். பி.சி.பி.க்கு வருஷங்கள் ஆகும். ‘ரத்த சுத்தி’ என்று லேபிள் ஒட்டி யாராவது பார்சல் அனுப்பினால் பணத்தை மிச்சம் பண்ணுங்கள்.

பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடுகிற ஜப்பானிய பாணி இப்போது பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. ஏரி மீனில் அது கூடாது. சால்மன், ட்ரவுட் வகை மீன்களில் நாடாப்புழுவின் முட்டைப்புழு இருக்கலாம். குடலில் வளர்ந்து பி12 வைட்டமினைத் தின்றுவிடும், ரத்தசோகை வரும். உள்சதை 63 டிகிரி சூடு ஏறும்படி வேக வேண்டும். சதை ஒளிபுகாமல் வெளுத்து, முள்கரண்டியால் தொட்டால் பிரிய வேண்டும்.

மீனுக்கும் பெரிபெரி!

ஒரு ஆச்சரியமான செய்தி. மேலே சொன்ன ஏல்வைஃப் மீனின் உடம்பில் ‘தயாமினேஸ்’ என்று ஒரு நொதி உண்டு. தயாமின் என்கிற பி1 வைட்டமினை அது சிதைத்துவிடும். அந்த மீனையே தின்று கொழுத்த லேக் ட்ரவுட், சால்மனுக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பி1 குறைவு. அவை இடுகிற முட்டையிலும் குறைவு. குஞ்சுகள் பொரிந்து, சுற்றிச் சுற்றி நீந்தித் தடுமாறிச் செத்துவிடும். மீன் பண்ணைகளில் முட்டைகளைத் தயாமின் கலந்த தண்ணீரில் நனைத்துக் காப்பாற்றுகிறார்கள். தீட்டின பச்சரிசியே கதி என்று இருந்த ஊர்களில் மனிதர்களுக்கு வந்த பெரிபெரிக்கும் இதே பி1 குறைவுதான் காரணம். புழுங்கலரிசி சாப்பிட்ட நம் ஜனங்கள் தப்பித்ததும் அதனால்தான். நெல்லை அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டியிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வயிறு நிறைந்தால் சத்து கிடைத்தது என்று நினைப்பவர்களுக்கு இந்த மீனை உதாரணம் காட்டலாம்.

குளிர் கொல்லும் விதம்

இனி படகு. மே மாதம் டொரன்டோவில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பிள்ளைகள் டி-ஷர்ட்டோடு கிளம்புவார்கள். ஆனால் ஏரித் தண்ணீர் அப்போது ஐந்து, ஆறு டிகிரியில் இருக்கலாம். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற தண்ணீர் போல! கோல் நிமிர்ந்ததும் மூன்று பேரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுகிறார்கள், ஒருவர் கையில் கைவலை, படகு சாய்கிறது. என் கவலை இதுதான்.

நீச்சல் தெரிந்தவன்தானே என்று நினைக்காதீர்கள். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த தண்ணீரில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர். தானே பனித்தண்ணீரில் இறங்கிக் காட்டியவர். அவர் சொல்கிற கணக்கு: 1, 10, 1. முதல் 1 நிமிஷம், மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் அத்தோடு முடிந்தது. அடுத்த 10 நிமிஷம்தான் கை, கால் சொன்னபடி கேட்கும், அதற்குள் படகைப் பிடித்து ஏற வேண்டும். பிறகு விரல் மடங்காது, எவ்வளவு நல்ல நீச்சல்காரனும் மூழ்குவான். நினைவு தப்ப 1 மணி நேரம் ஆகும். அந்த 1 மணி நேரமும் முகம் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமே? உயிர்காக்கும் அங்கி போட்டிருந்தால்தான் இருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வருஷாந்தரக் கணக்குகளில், படகு விபத்தில் மூழ்கிச் செத்தவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் அங்கி போடாதவர்கள்தான். கனடா சட்டப்படி ஆளுக்கொரு அங்கி படகில் இருக்க வேண்டும், மோட்டார் படகு ஓட்டுகிறவர் அதற்கான தகுதி அட்டையும் வைத்திருக்க வேண்டும். ஆனால் சீட்டுக்கு அடியில் கிடக்கிற அங்கி யாரைக் காப்பாற்றும்? விழுந்த பிறகு போட்டுக்கொள்ள முடியாது.

விழுந்தவரை மேலே ஏற்றிவிட்டால், ஈரத்துணியைக் கழற்றி, படுத்த நிலையிலேயே வைத்து, உலர்ந்த துணி, கம்பளியால் மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்துங்கள். உடனே ஆம்புலன்ஸ். எழுந்து நடக்க விடாதீர்கள். கை, காலைத் தேய்க்காதீர்கள். நம் வீட்டில் யாராவது விறைத்துப்போனால் உடனே தைல பாட்டிலைத் தேடுவோம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இங்கே தைலம் கூடாது! தேய்த்தால் கை, காலில் தேங்கியிருக்கும் குளிர்ந்த ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பி, துடிப்பையே குலைத்துவிடலாம். பிராந்தியும் கூடாது. குடித்தவனுக்கு உடம்பு சூடானது போலத் தோன்றும், உண்மையில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும். நல்ல நினைவோடு, விழுங்க முடிகிறவராக இருந்தால் மட்டும் வெதுவெதுப்பாகச் சர்க்கரை போட்ட காபியோ பாலோ கொடுக்கலாம்.

அப்பா, அம்மா போகும்போது...

கேள்வி கேட்ட அன்பருக்கு இதய நோய் இருக்கிறதா என்று எழுதவில்லை. ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள், துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் மே மாதம் படகில் போக வேண்டாம். ஆகஸ்டில் கரையோரமாக, காற்று இல்லாத காலை நேரத்தில் போய்விட்டு வாருங்கள். மற்றவர்கள் போகலாம்.

மெதுவாக ஓடுகிற சின்னப் படகு அலையில் ஆடுகிற ஆட்டம் வேறு மாதிரி. ரொம்பப் பேருக்கு வயிற்றைப் புரட்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வயிறு முட்டவும் தின்னாதீர்கள். இரண்டு இட்லி போதும். இங்கே நம் சுக்கு கைகொடுக்கும். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் அரை டீஸ்பூன் சுக்குப் பொடியை வெந்நீரில் பனைவெல்லத்தோடு குடியுங்கள், இல்லாவிட்டால் இஞ்சி மொரப்பா இரண்டு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் சுக்கு மருந்தாக எடுக்காதீர்கள். பி.பி.க்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், படகில் கழிப்பறை இருக்காது என்பதை முன்கூட்டியே யோசித்து, மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உடுப்பு விஷயத்தில், கீழே ஒரு கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு, அதற்கு மேலே அங்கி. அம்மா சேலையோடு போக வேண்டாம், ஒரு நாள் சல்வார் போட்டுக்கொள்ளட்டும். ஈரச் சேலை காலைச் சுற்றிக்கொண்டால் ஏறவே முடியாது. கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு செட் உலர்ந்த துணி. மீன் மாட்டினதும் கோலைப் பிடிக்கிறவன் ஒருவன், கைவலை பிடிக்கிறவன் ஒருவன் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே பார்க்கட்டும். மீன் மேலே வரும்போது குமிழ் வருகிறதா என்று நீங்கள் கவனியுங்கள். வந்தால் அது லேக் ட்ரவுட்தான். ரொம்பப் பெரிசாக இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஈரக் கையால் பிடித்துச் சீக்கிரம் தண்ணீரில் விட்டுவிடச் சொல்லுங்கள். மே மாதத் தண்ணீர் குளிராக இருப்பதால் அது பிழைத்துப்போகும்.